கட்டுண்ட உடலும் கட்டற்ற உள்ளமும்

உடலைக் கட்டலாம், உள்ளத்தைக் கட்ட முடியாது என்பர். அறநூல் வல்லாரும் இதனைக் கூறுவர். மேடையில் முழங்குவோரும் கூறுவர். துன்புற்றவனைத் தேற்ற வந்த அண்டை வீட்டாரும் கூறுவர். இக்கூற்று மெய்யா? மெய்யாயின் எந்த அளவுக்கு மெய்? இதனை யார், யாரிடம் கூறத்தகும்? இவ்வினாக்களைப் பொதுவில் வைத்து ஆராயப் புகுந்தால் சொற்கள் எளிதில் வழுக்கிச் சென்றுவிடும். ஒரு மனிதர் பட்ட பாடு கண்முன்னே நிற்குமாயின், நாம் சொல்லை அளந்தே பேச வேண்டியிருக்கும். ஆகவே ஒருவருடைய வாழ்வை எடுத்துக்கொள்வோம்.

அவர் பெயர் வ்செவோலோத் ஸாதெராத்ஸ்கி, ருஷிய இசைஞர். 1891ஆம் ஆண்டு, இன்று உக்ரேன் நாட்டில் உள்ள ரிவ்னே என்னும் ஊரிற் பிறந்தார். மாஸ்கோ இசைக் கல்லூரியில் இசை பயின்றார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயின்றார். 1915, 1916ஆம் ஆண்டுகளில் ருஷியப் பேரரசரின் மகன் அலெக்ஸிக்குப் பியானோ கற்பிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. பின்னர் உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படையின் பக்கம் நின்றார். அரசர் வீட்டு ஆசிரியர், தோற்ற படையின் வீரர் என்னும் இவ்விரண்டு செய்திகளும் அவர் சாகும்வரை அவரைத் தொடர்ந்தன. 1926இல் அவரைப் பிடித்துச் சென்றபொழுது, அதுகாறும் அவர் இயற்றிவைத்திருந்த இசை ஏடுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. அவர் தம் உயிரையே போக்கிக்கொள்ள முயன்றார். பிழைத்தார், 1928இல் வெளிவந்தார், மீண்டும் இயற்றத் தொடங்கினார்.

1937இல் அவர் யாரோஸ்லாவ்ல் நகரத்து இசைப்பள்ளியில் ஆசிரியர். மாணவர்களைக் கொண்டு அமைத்த வாத்தியக் குழுவில் வாக்னர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்னும் ஜெர்மானியர் இருவருடைய இசையை வாசிக்கச் செய்தார். இதுவே குற்றமாயிற்று. பாசிச இசையைப் பரப்பினார் என்று கூறி, அவரைக் கிழக்குக் கோடியில் உள்ள கொலிமாவுக்கு அனுப்பினர். மூன்று ஆண்டுகள் கழிந்து, 1940 நவம்பரில், அதே வாக்னருடைய இசைநாடகம் ஒன்று மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் அரசின் விருப்பத்துடனேயே நடிக்கப்பெற்றது. இடையில் 1939 ஆகஸ்டில் ஜெர்மனியோடு உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. இசை மாறவில்லை, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டு மாறிற்று. இதற்கிடையே ஒரு மனிதர் கொலிமா சென்று மீண்டுவிட்டார்.

கொலிமா எத்தகைய இடம் என்பதைச் சுருங்கக் கூறுவோம். விளாடிவஸ்தோக்கிலிருந்து கப்பலில் ஏற்றி மகதானில் இறக்குவர். அங்கிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்று பொன் தோண்டவும், மரம் வெட்டவும், சாலை போடவும் செய்வர். குளிர் சுழிக்குக் கீழே 50 பாகைக்கும் இறங்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளவு உண்டு. அவ்வளவை முடிக்காதவனுக்கு உணவு குறையும். உணவு குறைந்தவன் மறுநாள் இன்னும் குறைவாகவே வேலை செய்வான். இக்கணக்கு எங்குச் சென்று முடியும் என்பதை அறியப் பெரிய கல்வி வேண்டியதில்லை.

அங்கே, 1937க்கும் 1939க்கும் இடையில், ஸாதெராத்ஸ்கி பியானோவுக்கென 24 பிரிலூடுகளும் 24 பியூகுகளும் இயற்றினார். அங்குப் பியானோ இல்லை. இசை எழுதும் தாளும் இல்லை. தந்தி அனுப்பப் பயன்படும் படிவங்களிலும் சிறு ஏடுகளிலும், பென்சிலால், தாமே கோடிழுத்துக்கொண்டு எழுதினார். அவர் கதை சொல்வதில் வல்லவர். அவர் சொல்லும் பழங்கதைகளைக் கைதிகளோடு காவலரும் கேட்டிருந்தனர். அதனால் சற்று மனமிரங்கிய காவலர், சொல் ஒன்றும் எழுதக்கூடாது, இசைக்குறி மட்டுமே எழுதலாம் என்ற உறுதியின்பேரில் தாள் கொடுத்தனர் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அவர் மகனார் வழியே அறிகிறோம்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். எந்த இசைக்காக ஒருவரைச் சிறையில் இட்டனரோ, அந்த இசையையே, 'இஃது ஒன்றும் செய்யாது' என்று கருதி எழுதவிட்டனர். யாரோஸ்லாவ்லில் இசை நாட்டைக் கவிழ்க்கவல்ல நஞ்சு; கொலிமாவில் அது குழந்தையின் கிறுக்கல். இரண்டும் ஒரே அதிகாரத்தின் தீர்ப்பு. கொடுமை செய்வோர் எல்லாரும் தம் கொள்கையில் உறுதி உடையவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறன்று. பெரும்பாலும் அவர்கள் தாம் எதனைத் தண்டிக்கிறோம் என்பதையே அறியார். அறியாமையின் இடுக்கு வழியேதான் இந்த 48 இசைத்துண்டுகளும் பிழைத்தன.

பியூக் என்பது யாது? மேனாட்டு இசை பயிலாத அன்பர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நாம் கேட்டுப் பழகிய இசையில் ஒரு குரல் முன்செல்ல, பிடிலும் மிருதங்கமும் அதனைத் தழுவிச் செல்லும். பியூக் அத்தகையதன்று. முதலில் ஒரு குரல் தனியே ஒரு சிறு சுர வரிசையைப் பாடும். அது முடிந்ததும் இரண்டாம் குரல் அதே வரிசையைப் பஞ்சமத்தில் எடுத்துப் பாடும். அப்பொழுது முதற்குரல் வாய்மூடி நிற்பதில்லை. வேறொரு வரிசையை எதிரே பாடும். பின்னர் மூன்றாம் குரல் வரும்; சிலவற்றில் நான்காம் குரலும் வரும். எக்குரலும் மற்றொன்றுக்குத் துணைக்குரல் அன்று; எக்குரலும் தலைவன் அன்று. ஒவ்வொன்றும் தன் வழியே தனித்துச் செல்லவேண்டும். அதே சமயம் எந்த நொடியிலும் மற்றவற்றோடு இயைந்தும் நிற்கவேண்டும். நான்கு பேர் ஒரே சமயத்திற் பேசி, ஒருவர் சொல்லையும் ஒருவர் கெடுக்காதிருப்பது எத்துணை அரிது என்பதை ஏதேனும் ஒரு சங்கக் கூட்டத்திற்குச் சென்றவர் அறிவர்.

இதனைப் பன்னிரு சுரங்களுள் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு, மேஜர், மைனர் என்னும் இரு வகையிலும் செய்தால் 24 ஆகும். ஒவ்வொரு பியூகுக்கும் முன்னே சற்று உரிமையோடு உலாவும் ஒரு பிரிலூட். இம்முறையில் 1722இல் ஒரு தொகுதியை நிறைவு செய்தவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் பாஹ். அவரும் சிறையிருந்தவரே. 1717 நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை, தம்மை வேலையிலிருந்து விடுவிக்குமாறு பிடிவாதமாகக் கேட்டார் என்பதற்காக வைமர் கோமகன் அவரைக் காவலில் வைத்தார். வாத்தியம் ஒன்றும் கிட்டாத, பொழுது போகாத ஓரிடத்தில் அவர் அத்தொகுதியை எழுதினார் என்ற செய்தியை, அவருடைய மாணவர் ஒருவரின் மகனான கெர்பர் தம் இசைஞர் அகராதியிற் குறித்துள்ளார். அந்த இடம் வைமர்ச் சிறையே என்று கருதுவோரும் உளர். ஆனால் நான்கு வாரக் காவலையும் கொலிமாவையும் ஒரு தட்டில் வைப்பது முறையன்று.

ஸாதெராத்ஸ்கி ஏன் இத்துணைக் கடுமையான வடிவத்தைத் தேர்ந்தார்? அழுகையை அழுகையாகவே எழுதியிருக்கலாம், ஒப்பாரி எழுதியிருக்கலாம். விதிகள் மிகுந்த சிறையில் இருப்பவர், விதிகள் மிகுந்த இசையையா நாடுவார்?

நமக்குத் தோன்றுவது இது. விதி என்ற பெயர் ஒன்றேயாயினும் பொருள் இரண்டு. முகாமின் விதி மனிதரை எண்ணாக்குகிறது. காலையில் எண்ணுவர், மாலையில் எண்ணுவர், எண் சரியாக இருந்தால் போதும், எண்ணப்பட்டவன் யார் என்பது கேள்வியன்று. பியூகின் விதியோ குரலைக் குரலாகவே காப்பதற்கு ஏற்பட்டது. ஒரு குரல் மற்றொன்றில் கரைந்து மறைந்தால் அங்கே பியூக் இல்லை. அவ்விதியை ஒருவர் மற்றவர்மேல் சுமத்துவதில்லை, தாமே ஏற்றுக்கொள்கிறார். ஆகவே விதி இன்மையே விடுதலை என்று கருதுவது பிழை. தான் ஏற்ற விதிக்குள் நிற்பவன் அடிமை அல்லன். இன்னும் ஒன்று: நான்கு குரல்களை வாத்தியத்தின் துணையின்றி மனத்திலேயே நடத்திச் செல்பவருக்கு, அந்நேரத்தில் வேறொன்றையும் நினைக்க இடமிராது. மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி யாதாயினும் அதன் பயன் இத்தகையதே.

இவ்வளவும் கேட்டபின், 'பார்த்தீரா, உள்ளத்தைக் கட்ட முடியாது என்று நாங்கள் சொன்னது மெய்யாயிற்று' என்று ஒருவர் எழுந்து கூறலாம். அவசரப்படவேண்டா என்று அவரைக் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, அந்த உள்ளத்தின் விடுதலை எவற்றின்மேல் நின்றது என்று எண்ணிப் பார்ப்போம். தந்திப் படிவம், பென்சில், காவலரின் இசைவு இவற்றின்மேல் நின்றது. இளமையிலேயே கிடைத்த கல்வியின்மேல் நின்றது. மாஸ்கோவில் இசை பயிலாதவர் கொலிமாவில் பியூக் எழுதியிருக்க மாட்டார். எல்லாவற்றிற்கும் மேலாக, இறந்துபடாத ஓர் உடலின்மேல் நின்றது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் நாம் இன்று இப்பெயரையே கேட்டிருக்க மாட்டோம். உள்ளம் காற்றில் நிற்பதில்லை. சோற்றிலும் தாளிலும் நிற்கிறது. இதனை இழிவாகக் கூறவில்லை, உள்ளதைக் கூறுகிறோம்.

இரண்டாவது, அதே கொலிமாவில், அதே ஆண்டுகளில், மற்றொருவர் இருந்தார். வர்லாம் ஷலாமோவ் என்னும் எழுத்தாளர். 1937இல் அங்கே கொண்டுசெல்லப்பட்டவர். விடுதலைக்குப் பின் 1954 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொலிமாவைப் பற்றியே கதைகள் எழுதினார். பட்டினியும் குளிரும் நீடித்தால் உள்ளமும் உறைந்துபோகும். நட்பு போகும், அன்பு போகும், பொறாமையும் போகும், இறுதியிற் சினம் ஒன்றே எஞ்சும் என்பது அவர் கண்டது. ஒரு கதையில், இருபது சொற்களுக்கு மேல் தேவைப்படாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவனுக்கு மறந்துபோன ஒரு சொல் திடீரென மீள்வதைக் காட்டுகிறார். அச்சொல்லின் பொருள் உடனே அவனுக்கு விளங்கவில்லை. உள்ளத்தைக் கட்ட முடியாது என்று அவரிடம் சென்று கூறியிருந்தால் அவர் என்ன விடை தந்திருப்பார்? கட்டவேண்டிய தேவையே இல்லை, உணவை நிறுத்தினால் போதும் என்றுதானே அவர் கதைகள் கூறுகின்றன!

ஆகவே ஸாதெராத்ஸ்கி ஒருவரைச் சான்றாக நிறுத்தி, மற்றவரைக் குறைகூறுவது பெருந்தவறு. 'அவர் எழுதினாரே, நீ ஏன் எழுதவில்லை? அவர் நிமிர்ந்தாரே, நீ ஏன் குனிந்தாய்?' இவ்வாறு கேட்போர் எக்காலத்தும் உளர். நசுக்கப்பட்டோருள் ஒருவர் எப்படியோ தலைநிமிர்ந்துவிட்டால், அவரைப் பாராட்டுவதுபோலப் பாராட்டி, அப்பாராட்டையே தடியாக்கி மற்றவரை அடிப்பர். ஒருவரால் முடிந்தது என்பதிலிருந்து அனைவராலும் முடிந்திருக்கும் என்பது பெறப்படாது. ஆயிரம் பேர் மூழ்கிய ஆற்றில் ஒருவர் கரையேறினார் என்றால் அதனால் ஆறு ஆழமற்றது ஆகிவிடுமா? கொலிமாவிற் பாடல் இயற்றாது இறந்தவர் உள்ளம் குன்றியவர் அல்லர். அவருக்குத் தாள் கிட்டவில்லை. அல்லது கை உறைந்திருந்தது. அல்லது அவர் நெஞ்சில் இருந்ததை எழுத்தாக்கும் கல்வியை எவரும் அவருக்குத் தந்ததில்லை.

தாள் கொடுத்த காவலரைப் பற்றி யாது கூறுவது? அவர் நல்லவரா? அக்கணத்தில் நல்லது செய்தார். அதனை மறுப்பதற்கில்லை, மறுத்தால் நாம் நன்றி கொன்றவர் ஆவோம். ஆனால் அவர் கொடுத்தது அவருக்கு உரியதன்று. எழுதும் உரிமை பிறப்பிலேயே அம்மனிதருக்கு உரியது. அதனைப் பறித்துவைத்துக்கொண்டு, பின் ஒரு துண்டைத் திருப்பித் தந்தனர். பறித்த கூட்டத்தில் ஒருவர் மனமிரங்கித் திருப்பித் தந்தால் அவரை வாழ்த்தலாம். பறித்ததை மன்னிக்க அது காரணம் ஆகாது. ஈகை வேறு, திருப்பித் தருதல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்த இடங்களிலெல்லாம், தமக்கு உரியதைப் பெற்றோர் கைகட்டி நன்றி கூறவேண்டிய நிலை வந்திருக்கிறது.

மூன்றாவது, இன்னும் கசப்பான ஒன்றைக் காண்போம். செக்கோஸ்லாவேகியாவில் தெரேஸின் என்னும் நகரை ஜெர்மானிய நாஜிகள் யூதர்களுக்கான சிறைநகர் ஆக்கியிருந்தனர். விக்டர் உல்மன் என்னும் இசைஞரை 1942 செப்டம்பரில் அங்கே அடைத்தனர். அவர் அங்கு இருந்த இரண்டாண்டுகளில் ஓர் இசைநாடகமும், மூன்று பியானோ சொனாட்டாக்களும், வேறு பலவும் இயற்றினார். 1944 ஆகஸ்டில் எழுதிய ஏழாம் சொனாட்டாவின் இறுதிப் பகுதியும் ஒரு பியூக். ஓர் எபிரேய மெட்டை எடுத்துப் பலவாறு விரித்து, முடிவில் அதனைப் பியூகாக்கி, பழைய ஹூசியர் பாடலொன்றையும் பாஹின் பெயரெழுத்துகளால் ஆன சுரங்களையும் அதனுள் பின்னியிருக்கிறார்.

அதே 1944இல், ஜூன் 23 அன்று, செஞ்சிலுவைச் சங்கத்தார் தெரேஸினைப் பார்வையிட வந்தனர். அதற்கு முன்னே தெருக்களைத் தூய்மை செய்து பூச்செடி வைத்தனர். நெரிசல் தெரியாதிருக்க மே மாதத்தில் 7,500 பேரை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றி அனுப்பினர். வந்தவருக்கு இசை கேட்பித்தனர். பின்னர் திரைப்படமும் எடுத்தனர். 'பாருங்கள், இங்கே இசைகூட நடக்கிறது!' கைதியின் இசை சிறை வைத்தவனின் நற்சான்றிதழ் ஆயிற்று. படம் எடுத்து முடிந்தபின் அந்த இசைஞர்களுக்குத் தேவையில்லாமற் போயிற்று. 1944 அக்டோபர் 16 அன்று உல்மனையும் அவுஷ்விட்ஸுக்கு ஏற்றினர்; இரண்டொரு நாளிற் கொன்றனர். அவர் ஏடுகள் ஒரு நண்பர் கையில் தங்கிப் பிழைத்தன.

இந்த உல்மன், தெரேஸினில் எழுதிய ஒரு கட்டுரையில், அச்சிறை தம் இசைப்பணியைத் தடுக்கவில்லை, வளர்க்கவே செய்தது என்னும் பொருள்படக் கூறியிருக்கிறார். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா இங்கேதான் கூர்மை அடைகிறது. அவர் கூறியது பொய்யா? அன்று. சிறையிருந்தவர் தம் உள்ளத்தைப் பற்றித் தாமே கூறிய சொல் அது. அதனைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதே சொல்லை வெளியில் நிற்கும் நாம் எடுத்துக் கூறினால் அதே சொல்லாக நிற்குமா? நில்லாது. உல்மன் கூறும்பொழுது அது எதிர்ப்பு: 'நீ என்னை அழிக்க நினைத்தாய், நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன்.' நாம் கூறும்பொழுது அது விடுவிப்பு: 'சிறை அவருக்கு நன்மையே செய்தது.' சொல் ஒன்றே. வாய் மாறியதும் பொருள் தலைகீழாகிறது. உள்ளத்தைக் கட்ட முடியாது என்பதும் அவ்வகைச் சொல்லே. கட்டுண்டவர் கூறினால் அது வீரம். கட்டியவனோ, கட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனோ கூறினால், கட்டு அவிழ்க்கப்படாமல் இருப்பதற்கான சாக்கு.

அப்படியாயின் கட்டப்படாத நாம், துன்புற்றவரிடம் ஒன்றுமே கூறக்கூடாதா என்று கேட்கலாம். தாள் வேண்டுமா என்று கேட்கலாம். கயிறு எங்கே என்று கேட்கலாம். ஆறுதல் மொழிக்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை போன்று பல உண்டு.

ஸாதெராத்ஸ்கி 1939இல் கொலிமாவிலிருந்து உயிருடன் மீண்டார். பல ஊர்களில் ஆசிரியப் பணி செய்து, 1949இல் லிவிவ் நகர் சேர்ந்தார். அவர் இசை அச்சேறவில்லை. அங்கும் பழிமொழிகள் வந்தன. 1950, 1951ஆம் ஆண்டுகளில் புகழ்பெற்ற ஷோஸ்தகோவிச் இதே முறையில் 24 பிரிலூடுகளும் பியூகுகளும் இயற்றினார். உலகம் அவற்றைக் கேட்டது. பத்தாண்டுக்கு முன்பே அத்தகையதொரு தொகுதி எழுதப்பட்டிருந்ததை உலகம் அறியவில்லை. 1953 பிப்ரவரி 1 அன்று ஸாதெராத்ஸ்கி இறந்தார். ஸ்டாலின் இறந்தது மார்ச் 5 அன்று. தொகுதி முழுமையும் முதன்முறையாக அரங்கேறியது 2014 டிசம்பரில், மாஸ்கோ இசைக் கல்லூரியின் ரஹ்மனினோவ் மண்டபத்தில். பியானோ வல்லுநர் பலர் தமக்குள் பங்கிட்டு வாசித்தனர். எழுதியவர் தம் காதால் அதனை அவ்வாறு கேட்டதே இல்லை. கேட்பார் இன்றிக் கிடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் அந்த இசைக்கு மதிப்பு இல்லாமலா இருந்தது? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கொலிமாவில் ஓர் இரவில் நான்கு குரல்கள் ஒருவர் மனத்தில் இயைந்தன என்பது அன்றே நிறைவெய்திய ஒரு செயல்.

இறுதியாக ஒரு தடை எழுப்பப்படும். துன்பமே கலைக்குத் தாய். கொலிமா இல்லையேல் இத்தொகுதி இல்லை. ஆகவே வரவும் செலவும் சரியாயிற்று என்பர். இத்தகைய கணக்கை எழுதுவோர் வரவுப் பக்கத்தை மட்டுமே எழுதுகின்றனர். 24 பிரிலூடுகள், 24 பியூகுகள் என்று வரவு வைக்கின்றனர். செலவுப் பக்கத்தில் என்ன வைப்பர்? 1926க்கு முன் அவர் இளமையின் முழு வலிவோடு இயற்றியவை எத்தனை, எத்தகையவை என்று எவரும் கூற முடியாது. அவற்றுள் ஓர் ஏடும் இன்று இல்லை.